அழிப்பான் வேண்டாம், கண்ணு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ நாலே நிமிஷம்தான் பேசினாய். "எல்லாம் நல்லா போகுதுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். செப்டம்பரில் வேலையில் சேர்ந்த புதிதில் உன் பேச்சு முடிய ஒரு மணி நேரம் ஆகும். ஆற்றில் இறங்கினால் தண்ணீர் வரும் திசையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், இல்லையென்றால் நம் கால் கிளப்புகிற சேறு பாட்டிலுக்குள் வந்துவிடும் என்று நீ சொல்ல, அம்மா கையில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். பாட்டிலை அந்த ஆற்றுத் தண்ணீராலேயே மூன்று முறை அலச வேண்டும், கிருமிச் சோதனைக்கான பாட்டிலை மட்டும் அலசக் கூடாது என்றாயே, அதை என் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். என் மகள் சொன்னாள் என்றுதான் சொன்னேன்.

சாப்பிடுகிறாயா? இந்தக் குளிரில் ஆற்றில் தனியாக இறங்காதே.

படிப்புக்கு நடுவில் ஒரு வருஷம் வேலை என்று நீ சொன்னபோது பெரியப்பா கேட்ட கேள்வி உனக்கு மறந்திருக்காது. நானும் அன்று வாயைத் திறக்கவில்லை. அந்த வருஷத்துக்குக் கல்லூரிக் கட்டணம் அதிகபட்சம் ஐந்தில் ஒரு பங்குதான், சம்பளமும் வரும் என்பதெல்லாம் அப்புறம்தான் படித்தேன். முன்பே படித்திருக்கலாம். ஆனால் நீயும் எதையும் வீட்டில் முழுதாகச் சொல்வதில்லை, கண்ணு, அந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்திலிருந்தே இருக்கிறது.

உன் தோழி அம்மாவிடம் ஏதோ மீட்டர், அதைச் சரிபார்க்காமல் எடுத்த அளவுகள், ஒரு நாள் வேலை என்று பாதி சொல்லிப் பாதியில் நிறுத்தினாளாம். நாங்களும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கப் போவதில்லை.

நோட்டில் பென்சிலால் எழுதினாலும் அழிக்காதே. தப்பு என்றால் ஒரு கோடு போட்டு மேலே சரியானதை எழுது. ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன் என்பாய். ஏன் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னதில்லை.

நான் சர்வே வேலையை விட்டது முதுகு வலியால் இல்லை. அப்போது எனக்கு 22 வயது, பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று மாதம். மட்டம் பார்த்து, அதாவது நிலத்தின் உயரத்தை அளந்துகொண்டே போய், கிளம்பிய கல்லுக்கே திரும்பி வந்தால் கிளம்பிய உயரமே கணக்கில் வர வேண்டும், சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. எனக்கு 40 மில்லிமீட்டர் இடித்தது. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு 1.385 மீட்டர் என்று இருந்ததை அழித்து 1.345 ஆக்கினேன். மறுநாள் இன்ஜினியர் அந்தப் பக்கத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார், அழித்த இடத்தில் காகிதம் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது. "எதையாவது திருத்தினாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் இல்லை என்றேன். 40 மில்லிமீட்டருக்காக அவர் என்னை அனுப்பவில்லை, அதற்கு இன்னொரு முறை நடந்து அளக்கச் சொல்லியிருப்பார். இரண்டாவது 'இல்லை'க்காகத்தான் அனுப்பினார்.

நீ மலைக்குக் கொண்டுபோகிற ஆர்ட்னன்ஸ் சர்வே என்கிற பிரிட்டன் அரசு நில அளவைத் துறையின் வரைபடத்தில் இருக்கும் உயரமெல்லாம், கார்ன்வாலில் இருக்கிற நியூலின் துறைமுகத்தில் 1915 முதல் 1921 வரை பதிவு செய்த கடல் மட்டத்தின் சராசரியிலிருந்து கணக்கிட்டது. ஆறு வருஷம் அங்கே எழுதி வைத்ததை நம்பித்தான் இன்றும் ஏறுகிறோம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நான் அழித்த அந்த நோட்டுப் பக்கம் ஞாபகம் வரும்.

தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை ஆற்றங்கரையிலேயே பார்த்து எழுத வேண்டும், பாட்டிலில் கொண்டுவந்தால் மாறிவிடும் என்று நீதான் சொன்னாய். அப்படியானால் போன எண் போனதுதான். ஊகித்து நிரப்பாதே. கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் காரணத்தை எழுது. மேலாளரிடம் நீயே போய்ச் சொல், அவர் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்காதே. பல்கலைக்கழகத்திலிருந்து உன்னைப் பார்க்க வருகிற ஆசிரியரிடமும் சொல், அதற்குத்தான் அவர் வருகிறார். அப்புறம், எதையும் அழிக்காதே.

சனிக்கிழமை காலை அம்மா வெளியே போகிறாள், பன்னிரண்டு மணி வரை நான் மட்டும்தான் வீட்டில் இருப்பேன். முதுகு வலி விஷயத்தை அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ சொல்லிவிடாதே.

அப்பா