பாப்பாவுக்கு, உன் கண்ணைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று வீடியோ காலில் பேசின அரை மணி நேரத்தில் நீ ஏழு தடவை கண்ணைத் துடைத்தாய். எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். புறங்கையால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணோரத் தோலெல்லாம் சிவந்து கிடந்தது. கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, சும்மா தண்ணி வருது" என்கிறாய். நான் போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ காலேஜில் இருந்தபோது எனக்கும் இதே தொல்லை. மணல் விழுந்தாற்போல உறுத்தும், காற்றுப் பட்டால் கன்னம் வரை வழியும். டாக்டர் பார்த்துவிட்டு, "உங்க கண் காய்ஞ்சு போயிருக்கு" என்றார். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. இவ்வளவு தண்ணீர் கொட்டுகிற கண் எப்படிக் காயும்? பிறகுதான் புரிந்தது. கண்மேல் நிற்கும் ஈரம் வெறும் தண்ணீர் இல்லை. அதன் மேல் ஆவியாகாமல் காக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. அந்த எண்ணெய் இமை விளிம்பில் வரிசையாக இருக்கிற சுரப்பிகளிலிருந்து வருகிறது. அது குறைந்தால் ஈரம் சட்டென்று காய்ந்து கண் எரியும். எரிந்ததும் கண்ணீர்ச் சுரப்பி பதறிக்கொண்டு தண்ணீரைக் கொட்டும். கொட்டினது நிற்காமல் வழிந்துவிடும், மறுபடி காயும்.

டாக்டர் என் கீழிமையை விரலால் மெல்ல அழுத்தி, அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். தெளிந்த எண்ணெயாக வரவேண்டியது வெள்ளையாக, பற்பசை போலக் கெட்டியாகப் பிதுங்கி நின்றது. அதை இளக்கத்தான் வெந்நீர் ஒத்தடம். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டில் வைத்துச் சூடு பொறுக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூடின கண்மேல் போடு. துணி சீக்கிரம் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். பத்து நிமிஷம். பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவி, இமை விளிம்பைத் துடைத்துவிடு. இரண்டு நாளில் பலன் தெரியாது. எனக்கு மூன்று வாரத்துக்கு மேலாயிற்று.

உனக்கும் இதேதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் நீ நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிற பெண். சாதாரணமாக நிமிஷத்துக்கு 15 தடவை போல இமைப்போம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும், அதிலும் பல அரைகுறை இமைப்பு. கம்ப்யூட்டரைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்கி வை. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை தூரத்தில் எதையாவது பார்த்து, முழுசாக மூடி மூடித் திற. ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கிற இடத்தில் உட்காராதே.

எரிச்சலைவிட அரிப்புதான் அதிகமா? தும்மலும் கூட வருகிறதா? அப்படியானால் அது அலர்ஜியாக இருக்கலாம். அதற்கு வெந்நீர் வேண்டாம், குளிர்ந்த ஒத்தடம்தான் இதம். வெளியே போய் வந்ததும் முகம் கழுவு. அரிக்கிறது என்று கசக்கினால் அரிப்பு இன்னும் ஏறும். வருஷக்கணக்கில் கசக்கினால் கருவிழியே மெலிந்து கூம்பு மாதிரிப் புடைத்துவிடலாம். அலர்ஜி மாத்திரைகளில் சில கண்ணை இன்னும் காயவைக்கும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போடு. ஒரே கண்ணில் மட்டும் ஓயாமல் வழிந்தால் கண்ணீர் மூக்குக்கு இறங்கும் குழாய் அடைத்திருக்கலாம், இல்லையென்றால் இமை முடி உள்ளே திரும்பிக் குத்தலாம். அதைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

இனி நான் பயப்படுகிற விஷயம். தோழி கொடுத்த சொட்டு மருந்து போடுகிறேன், உடனே சிவப்பு போய்விடுகிறது என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. சிவப்பை மட்டும் போக்குகிற மருந்துகள் நிறுத்தினதும் முன்னைவிடச் சிவப்பைக் கொண்டுவரலாம். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் இன்னும் மோசம். இதமாகத்தான் இருக்கும். ஆனால் டாக்டர் மேற்பார்வையில்லாமல் வாரக்கணக்கில் போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடலாம், வலிகூடத் தெரியாது. போன பார்வை திரும்பாது, பாப்பா. வெறும் வறட்சிக்கென்று விற்கிற செயற்கைக் கண்ணீர் போடலாம். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், பதனப்பொருள் (ப்ரிசர்வேட்டிவ்) சேர்க்காததாகக் கேட்டு வாங்கு.

வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பார்வை மங்கல், சீழ் இதில் எது வந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போ. உறுத்தல் போகும்வரை லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போட்டுக்கொள். லென்ஸ் போடுகிற கண் சிவந்து வலித்தால் ஒரு ராத்திரிகூடப் பொறுக்கக் கூடாது.

கடிதம் கிடைத்ததும் அந்த மருந்துப் பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பு, எழுத்து தெளிவாகத் தெரிகிற மாதிரி. அதுவரை ஒரு சொட்டுகூடப் போடாதே.

அன்புடன்,
அம்மா