இரத்தம் சொல்லாது, நுரையீரலைப் பாருங்கள்

கால்நடை நோய் ஆய்வக அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் செம்மறிப் பெட்டைக்கு, நுரையீரல் புற்றை உண்டாக்கும் யாக்சீக்டெ வைரஸ் இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். போன வாரம் உங்கள் அறிக்கை வந்தது. ஒரே வரி: இரத்தப் பரிசோதனை நெகட்டிவ். அது கைக்கு வர இரண்டு நாள் முன்பே அந்தப் பெட்டை ஆடு செத்துவிட்டது. இந்த ஆண்டு மந்தையில் அது நான்காவது.

அதற்குக் காய்ச்சல் இல்லை. கடைசி வரை மேய்ந்தது. ஆனாலும் விலா எலும்பை எண்ணும்படி இளைத்தது. நாலு எட்டு நடந்தால் துரத்தப்பட்டது போல மூச்சு வாங்கியது. நிமோனியா என்று சொல்லி மூன்று முறை ஊசி போட்டார்கள். ஒருநாள் பின்னங்கால்களைத் தூக்கிப் பிடித்தேன். மூக்கு வழியே நுரைத்த நீர் ஊற்றியது. கீழே வைத்த கிண்ணம் நிறைந்தது, நிற்கவில்லை. ஆடு திணறியது. அதற்கு மேல் பிடிக்க மனசு வரவில்லை, இறக்கிவிட்டேன். அந்தக் கிண்ணத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

யாக்சீக்டெ வைரஸ் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதன் சொந்தக்கார வைரஸ்கள் செம்மறியின் மரபணுவிலேயே தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்திருப்பதால், ஆட்டின் உடல் இதை அந்நியனாகவே எண்ணுவதில்லை. எதிர்ப்பொருள் உருவாகாது, அதைத் தேடும் சோதனையிலும் எதுவும் சிக்காது. வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். சோதனை செய்தாலும் இரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவு, பல நேரம் தப்பிவிடும். அப்படியிருக்க இரத்தத்தை மட்டும் பார்த்து நெகட்டிவ் என்று எழுதுவது, பூட்டிய வீட்டின் திண்ணையைப் பார்த்துவிட்டு உள்ளே யாருமில்லை என்பதுபோல.

நான் கேட்பது ஒன்றுதான். நுரையீரல் கட்டியில் பி.சி.ஆர். செய்யுங்கள், கிடைக்கும் வைரஸின் மரபணு வரிசையையும் படியுங்கள். மொத்தமே சுமார் 7,500 எழுத்துதான். ஆட்டோடு பிறந்ததா, வெளியிலிருந்து தொற்றியதா என்பது அதில்தான் தெரியும். புதிதாக வாங்கிய கிடாய் கொண்டுவந்ததா என்ற என் சந்தேகத்துக்கும் ஒரு துப்பு கிடைக்கலாம்.

டாலி என்ற செம்மறிக்கு 2003இல் சி.டி. ஸ்கேன் எடுத்துத்தான் இதே புற்றைக் கண்டார்கள். குளோனிங்கில் பிறந்து பேர் வாங்கினால்தான் ஒரு ஆட்டின் நுரையீரலைத் திரும்பிப் பார்ப்பீர்களா? உங்கள் படிவத்தில் ஆட்டின் நிறத்துக்குக் கட்டம் இருக்கிறது, மூச்சுக்கு இல்லை. சரி, அது வேறு கதை. கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செத்த ஆட்டுக்கு இரண்டு குட்டிகள். இரண்டும் அதன் சீம்பாலைக் குடித்தவை. பால் வழியாகவும் இது பரவும். அவற்றை வைத்துக்கொள்வதா, ஒதுக்குவதா? மற்ற ஆடுகளுக்கு மார்பில் அல்ட்ராசவுண்ட் பார்க்க ஆள் அனுப்ப முடியுமா? சின்னக் கட்டி அதில் தெரியாது என்பதால், சில மாதம் கழித்து இன்னொரு முறையும் வரவேண்டியிருக்கும்.

தயவுசெய்து நுரையீரலைச் சோதியுங்கள். அறுத்துப் பார்த்தபோது அது சுருங்காமல் சாம்பல் நிறத்தில் கல்லாகக் கனத்தது. ஒரு துண்டை உறைய வைத்திருக்கிறேன், இன்னொன்று ஃபார்மலினில் இருக்கிறது. எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஆடு வளர்ப்பவன்