இறைச்சி: நிறத்தை நம்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பச்சை இறைச்சி சற்றுப் பழுப்பானதுமே கெட்டுவிட்டது என்று எறிகிறார்கள். சிவப்பாக இருந்தால் நம்பிச் சமைக்கிறார்கள். இரண்டுமே தவறு. தசைக்கு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதம் ஆக்சிஜனோடு வினைபுரிவதாலும் நிறம் மாறும். ஆனால் புளித்த வாடை, அம்மோனியா நெடி, விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். கழுவி, மசாலா தூக்கலாகப் போட்டு வாடையை மறைப்பது பெரும் ஆபத்து. சில பாக்டீரியாக்கள் விட்டுச்செல்லும் நச்சு கொதிக்க வைத்தாலும் அழியாது.

இதைவிட முக்கியமானது ஒன்று. சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் வாடையே காட்டாமல் பெருகும். ஆகவே மூக்கைவிடக் கடிகாரத்தை நம்புங்கள். அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல், 32 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் 1 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த இறைச்சி வேண்டவே வேண்டாம்.

ஃபிரிட்ஜ் 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அதில் கோழியும் கொத்துக்கறியும் 1 முதல் 2 நாள் தாங்கும். ஆட்டு, மாட்டு இறைச்சித் துண்டுகள் 3 முதல் 5 நாள். அரைக்கும்போது மேற்பரப்புக் கிருமி உள்ளே கலந்துவிடுவதால்தான் கொத்துக்கறிக்கு அவகாசம் குறைவு. மூடிய பாத்திரத்தில், கீழ்த்தட்டில் வையுங்கள்; மேலே வைத்தால் வடியும் நீர் மற்ற உணவில் சொட்டும்.

அதற்கு மேல் வைக்க ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரி வேண்டும். உறைந்ததைச் சமையல் மேடையில் போட்டு இளக்காதீர்கள். உள்ளே கட்டியாக இருக்கும்போதே வெளிப்புறத்தில் கிருமி பெருகத் தொடங்கும். முந்தைய இரவே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். மின்தடை 4 மணி நேரத்தைத் தாண்டினால், ஃபிரிட்ஜில் உள்ள பச்சை இறைச்சியை அப்புறப்படுத்திவிடுங்கள்.