அம்மாவை ஆறு கடத்திக் கொண்டுவந்தவர்களுக்கு

வட ஒன்ராறியோவின் மூசோனி, மூஸ் பாக்டரி அயலவர்களுக்கும் போலார் பெயார் எக்ஸ்பிரஸ் ரயில் ஊழியர்களுக்கும்,

உங்களில் பலருக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். அதைத் தமிழில் எழுதுவது ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களும் படிக்கவேண்டும் என்பதற்காக. என் பிள்ளைப்பேறு பார்க்க அம்மா தனியாகப் புறப்பட்டபோது, "ரோட்டே இல்லாத ஊருக்கு இந்த வயதில் எப்படிப் போய்ச் சேருவார்?" என்று கலங்கியவர்கள் அவர்கள். எப்படிச் சேர்ந்தார், யார் சேர்த்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியட்டும்.

ரொறன்ரோவிலிருந்து கொக்ரேன் வரை சுமார் 700 கிலோமீட்டர் பேருந்து. அதற்கப்பால் ஜேம்ஸ் விரிகுடாப் பக்கமுள்ள மூசோனிக்குப் போக ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சாலை கிடையாது. 1932இல் மூசோனியைத் தொட்ட ரயில் பாதைதான் இன்றுவரை முக்கிய வழி. ஏறக்குறைய 300 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். மனிதரோடு சாப்பாட்டுச் சாமான், கார், வள்ளம் எல்லாம் அதே ரயிலில் வரும். நடுக்காட்டில் யாராவது பாதையோரம் நின்று கை காட்டினாலும் நிற்கும். அப்படி நின்றபோது ஏதோ பழுதென்று அம்மா பயந்துபோனார். நடத்துனரே வந்து, வேட்டைக் குடிலிலிருந்து வீடு திரும்பும் குடும்பம் ஒன்று ஏறுவதைச் சன்னல் வழியே காட்டினாராம். அவர் கொண்டுவந்து கொடுத்த தேத்தண்ணீரைப் பற்றி அம்மா இன்னமும் கதைக்கிறார். அந்த நடத்துனருக்கு முதல் நன்றி.

மூசோனியில் இறங்கினால் மூஸ் ஆறு. நாங்கள் இருப்பது ஆற்றின் நடுவே உள்ள மூஸ் பாக்டரித் தீவில். கோடையில் படகில் கால்மணி நேரம், நடுக்குளிரில் உறைந்த ஆற்றின்மேல் வாகனம். அம்மா வந்தது இரண்டும் இல்லாத இடைக்காலம். படகுகளைக் கரையேற்றிவிட்டார்கள், ஐஸ் இன்னும் ஆள் தாங்காது. அந்த வாரங்களில் ஹெலிகொப்டர் ஒன்றுதான். அதில் ஆளுக்குக் கொஞ்சப் பொதிதான் ஏற்றலாம். அம்மாவோ சரக்குத்தூள், உள்ளி, நல்லெண்ணெய், பால் சுறா என்று பத்தியத்துக்கு வேண்டியதெல்லாம் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மூசோனி டாக்சிக்கார அண்ணா, நீங்கள் செய்ததை எப்படிச் சொல்ல! பெட்டிகளை உங்கள் வீட்டில் வைத்து, சுறாவைக் குளிர்பெட்டியில் போட்டு, தீவுக்கு வரும் ஆட்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டீர்கள். பொதி இல்லாமல் வந்த ஆசிரியை ஒருவர் வெங்காய மூட்டையைத் தன் கணக்கில் கொண்டுவந்தார். வேலைக்கு வந்த மின்சாரத் தொழிலாளி ஒருவரின் மடியில் நல்லெண்ணெய்ப் போத்தல் வந்தது. ஒன்றும் தொலையவில்லை, ஒன்றும் உடையவில்லை. ஒருவரும் காசு வாங்கவும் இல்லை.

மகள் பிறந்தது தீவு மருத்துவமனையில். விடியவிடியக் கூடவே இருந்த தாதிமாருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. வடக்கே கரையோரக் கிறீப் பழங்குடி ஊர்களிலிருந்து பேறுக்காக விமானத்தில் வந்து, வீட்டாரைப் பிரிந்து காத்திருந்த தாய்மாரையும் அங்கே கண்டேன். என் அம்மா என் பக்கத்தில் இருந்தது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் எங்கள் பக்கத்து வீட்டுக் கூக்கம். கிறீக் குடும்பங்களில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். இலையுதிர்காலத்தில் பேரன் வேட்டையில் சுட்ட வாத்தை அவித்து எனக்கு ரசம் கொண்டுவந்தார். பிள்ளையைச் சுற்றிக் கட்டப் பாசிப் பை ஒன்று தைத்தார். முன்காலத்தில் உலர்ந்த பாசியை உள்ளே பரப்பி அதில் பிள்ளையைக் கிடத்துவார்களாம், ஈரத்தை அது உறிஞ்சிவிடும். இப்போது மெல்லிய துணி. அம்மா எண்ணெய் பூசிக் குளிப்பாட்டித் தர, கூக்கம் வாங்கிப் பையில் வைத்து நாடாவை இறுக்கிக் கட்டுவார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. ஆனாலும் பிள்ளையின் வயிற்றுவலி பற்றி மணிக்கணக்காகக் கதைத்தார்கள், இரண்டு பேரும் ஒரே முடிவுக்கும் வந்தார்கள்.

ஆறு உறைந்ததும் ஐஸைத் துளையிட்டு அளந்த பெடியன்களையும் மறக்கமாட்டேன். நல்ல தெளிந்த ஐஸ் 10 சென்டிமீட்டர் இருந்தால் ஆள் நடக்கலாம். கார் ஓட அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். இங்கே கடலின் ஏற்றவற்றமும் ஆற்றில் தெரியும் என்பதால் கரையோரம் வெடிப்பு விழும். "இன்று வேண்டாம்" என்று இரண்டு தரம் அம்மாவைத் திருப்பி அனுப்பினீர்கள். அவசரப்பட்ட எங்களுக்குக் கோபமில்லாமல் விளக்கிச் சொன்னீர்கள். அதற்காகவும் நன்றி.

அம்மா பத்திரமாக ஸ்காபரோ போய்விட்டார். வசந்தத்தில் ஆறு உடைந்து மறுபடி போக்குவரத்து நிற்பதற்குள் ஒரு பெட்டி அனுப்புகிறாராம். கூக்கமுக்குப் பிடித்த மிளகுத்தூளும், டாக்சிக்கார அண்ணா வீட்டுக்குப் பயற்றம் பணியாரமும் அதில் வருகின்றன. கொக்ரேனில் அதை ரயிலில் ஏற்றப்போகிறவர்களுக்கு இப்போதே நன்றி.