ஒப்பந்தம் படிக்கத் தெரிந்தவரின் நேர்காணல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'காம்பாட் ஜாக்' என்று ஹிப்ஹாப் உலகம் அறிந்த ரெஜி ஓசே பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புரூக்ளினில் ஹைட்டி வம்சாவளிக் குடும்பத்தில் வளர்ந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்திலும் ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரியிலும் படித்தவர். தொண்ணூறுகளில் ராப் பாடகர் ஜே-ஸீ, அவருடைய தொழில் கூட்டாளி டேமன் டேஷ் ஆகியோரின் வக்கீல். 2010-இல் பாட்காஸ்ட் தொடங்கியவர். இந்த வரலாறெல்லாம் கட்டுரையில் சரியாகவே இருக்கிறது. ஆனால் சட்டத்தை உதறிவிட்டு மைக்கைப் பிடித்தார் என்று அதை முடித்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. அவருடைய நேர்காணல்களுக்கு வலு தந்ததே அந்த வக்கீல் அறிவுதான். அது எப்படிப்பட்ட அறிவு என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

பாடகரும் ரெக்கார்டு கம்பெனியும் போடும் அந்தக் காலத்து ராப் ஒப்பந்தம் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிடியின் விலை 17 டாலர். உறைச் செலவு என்று 25 சதவீதம் கழியும். இலவசப் பிரதிகள் என்று மிச்சத்தில் இன்னொரு 15 சதவீதம் கழியும். ராயல்டிக்கு அடிப்படையாக நிற்பது 10 டாலர் 84 சென்ட். பாடகருக்கு 12 சதவீதம் என்று எழுதியிருக்கும். அதில் 3 இசைத் தயாரிப்பாளருக்குப் போக மீதி 9. ஆக, ஒரு பிரதிக்குச் சுமார் 97 சென்ட். முன்பணமும் ஒலிப்பதிவுச் செலவும் சேர்ந்து 3 லட்சம் டாலர், வீடியோ செலவில் பாதி 1 லட்சம் டாலர் என்றால், இந்த 4 லட்சமும் அந்த 97 சென்டிலிருந்தே அடைபட வேண்டும். 4,10,000 பிரதிகள் விற்கும்வரை பாடகருக்கு ஒரு காசும் வராது. அதற்குப் பிறகும், கடைகளிலிருந்து சரக்கு திரும்பி வரலாம் என்று சொல்லி ஒரு பங்கை நிறுத்தி வைப்பார்கள். அமெரிக்காவில் கோல்டு ரெக்கார்டு என்ற அங்கீகாரத்துக்கு அன்று 5 லட்சம் பிரதி போக வேண்டும். சுவரில் தங்கத் தட்டு தொங்கும், வாடகைக்குப் பணம் இருக்காது என்ற நிலைக்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஓசேயின் கட்சிக்காரர்களில் ராப்பரும் இசை நிறுவன அதிபருமான பஃப் டாடியின் 'ஹிட்மென்' குழுவைச் சேர்ந்த இசைத் தயாரிப்பாளர்களும் உண்டு. (நம் சினிமாவில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர். அங்கே புரொட்யூசர் என்றால் பாட்டுக்கான தாளமும் இசையும், அதாவது பீட், அமைப்பவர்.) இவர்களுடைய ஒப்பந்தத்தில் பணத்தைத் தீர்மானிப்பது 'முதல் பிரதியிலிருந்து' என்ற ஒரே சொற்றொடர். 12 பாடல் கொண்ட ஆல்பத்தில் ஒரு பாடலைச் செய்தவருக்கு 3 சதவீதத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது பிரதிக்கு 2.7 சென்ட். ஒலிப்பதிவுச் செலவு அடைபட்டதும் முதல் பிரதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று எழுதியிருந்தால், 5 லட்சம் பிரதிக்குச் சுமார் 13,500 டாலர். மேலே சொன்ன 3 லட்சம் டாலர் அடைபட்ட பிறகு (வீடியோ செலவு இதில் சேராது) விற்கும் பிரதிகளுக்கு மட்டும் என்று இருந்தால் சுமார் 5,200 டாலர்தான். இரண்டிலிருந்தும் அவர் வாங்கிய முன்பணம் கழியும்.

இன்னொரு காகிதமும் உண்டு. தயாரிப்பாளரின் பங்கை அவருக்கே நேராக அனுப்பும்படி பாடகர் கம்பெனிக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் கடிதம் அது. 'லெட்டர் ஆஃப் டைரக்‌ஷன்' என்பார்கள். அது இல்லையென்றால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை, பாடகரிடம்தான் கேட்க வேண்டும். பாட்டு ஓடிய பிறகு அந்தக் கையெழுத்தை வாங்குவது கடினம். நண்பர்கள் பிரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சாம்பிள், அதாவது பழைய பாட்டின் ஒலித்துண்டை எடுத்துப் புதுப் பாட்டில் சேர்ப்பது, இதைவிடச் சிக்கலானது. அனுமதியில்லாமல் சாம்பிள் எடுத்த ராப்பர் பிஸ் மார்க்கிக்கு எதிராக 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, அனுமதி வாங்காத சாம்பிளோடு ஆல்பம் வெளியிடக் கம்பெனிகள் பயந்தன. அனுமதியும் இரண்டு வேண்டும்: ஒலிப்பதிவுக்கு ஒன்று, பாட்டை எழுதியவரிடம் ஒன்று. 1996, 97-இல் சட்டப்படி ஒரு பாடலின் எழுத்துரிமைக்குப் பிரதிக்கு 6.95 சென்ட். ஆனால் புதுப் பாடகரின் ஒப்பந்தம், அதில் 75 சதவீதம்தான், அதுவும் 10 பாடலுக்கு மட்டும்தான் என்று கட்டிவிடும். மொத்தம் 52 சென்ட். ஆல்பத்தில் 14 பாடல்கள், அவற்றில் நான்கின் எழுத்துரிமை முழுவதும் சாம்பிள் கொடுத்தவர்களிடம் போய்விட்டது என்று வையுங்கள். அவர்கள் இந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். முழு விலையாக 28 சென்ட் எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சும் 24 சென்ட்தான் மற்றப் பத்துப் பாடல்களுக்கும்.

இதையெல்லாம் வரி வரியாகப் பேரம் பேசியவர் எதிரே அமர்ந்து கேட்கும்போது, அந்த ஆல்பம் உருவான கதையைச் சொல்லுங்கள் என்ற வழக்கமான கேள்வி போதாது. மாஸ்டர், அதாவது மூல ஒலிப்பதிவின் உரிமை, யாரிடம் இருக்கிறது, எத்தனை ஆல்பத்துக்குக் கையெழுத்திட்டீர்கள், அன்று உங்கள் வக்கீலுக்குக் கூலி கொடுத்தது யார் என்று கேட்க முடியும். கடைசிக் கேள்வி முக்கியமானது. அந்தக் காலத்தில் மேனேஜரே வக்கீலைக் கூட்டிவருவது சாதாரணம். அந்த வக்கீல் யாருக்காகப் பேசுகிறார் என்பது கேட்க வேண்டிய விஷயம்.

இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. நியூயார்க் வக்கீல் நடத்தை விதிகளில் 1.6, 1.9 ஆகிய இரண்டும் கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. தொழிலை விட்டாலும் அந்தக் கடமை போகாது. தெரிந்ததை அவராகப் போட்டு உடைக்க வழியில்லை. பொதுவாகக் கட்சிக்காரர் சம்மதிக்க வேண்டும், அல்லது விஷயம் ஏற்கெனவே ஊரறிந்ததாக இருக்க வேண்டும். பதில் தெரிந்தும் தான் சொல்லக்கூடாதவர், எதிரில் இருப்பவரே சொல்லும்வரை காத்திருக்கப் பழகுகிறார். நேர்காணல் எடுப்பவருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

2013-இல் அவர் கிறிஸ் மாரோவுடன் தொடங்கிய 'லவுட் ஸ்பீக்கர்ஸ் நெட்வொர்க்' என்ற பாட்காஸ்ட் நிறுவனம் பற்றிக் கட்டுரையில் ஒரே வரிதான். நம்மூரில் பாட்காஸ்ட் செய்வோருக்கு அதுதான் பயன்படும் பகுதி. இரண்டு பேர் சேர்ந்து பேசும் நிகழ்ச்சியில் எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால், அமெரிக்கச் சட்டப்படி பொதுவாக இருவரும் சம உரிமையாளர்கள்; ஒருவர் மற்றவரைக் கேட்காமலே இன்னொரு நிறுவனத்துக்கு, அதற்கு மட்டுமே என்று இல்லாமல், பயன்படுத்தும் உரிமையைக் கொடுக்கலாம், வந்த லாபத்தில் பங்கு கொடுத்தால் போதும். நெட்வொர்க்கில் சேரும்போது பார்க்க வேண்டியது விளம்பரப் பங்கு மட்டுமல்ல. ஆர்எஸ்எஸ் ஃபீடின், அதாவது புதிய அத்தியாயங்களைக் கேட்போரின் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் இணைய முகவரியின், கணக்கு யார் மின்னஞ்சலில் இருக்கிறது, விலகினால் பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடுவார்களா, பழைய அத்தியாயங்கள் யாருக்கு என்பவற்றையும் எழுதி வாங்க வேண்டும். முகவரியைத் திருப்பாவிட்டால், சந்தா செய்த அத்தனை பேரும் பழைய ஃபீடிலேயே நின்றுவிடுவார்கள். புதிய நிகழ்ச்சி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஏழு விநாடிப் பாட்டுக்கு அனுமதி வேண்டாம் என்பது வதந்தி. அப்படி ஒரு அளவு சட்டத்தில் கிடையாது.

கட்டுரையின் அடுத்த பகுதி வருமென்றால் 'மோகல்' பாட்காஸ்ட் தொடரிலிருந்து தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 'வயலேட்டர்' நிறுவனத்தை நடத்தி, 2012-இல் இறந்த ஹிப்ஹாப் மேனேஜர் கிறிஸ் லைட்டியின் வாழ்க்கையை, கிம்லெட் என்ற பாட்காஸ்ட் நிறுவனத்தோடு சேர்ந்து 2017-இல் ஓசே சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில் தனக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று அறிவித்தார். டிசம்பர் 20 அன்று காலமானார். மேசையில் எதிரே இருந்து பேரம் பேசத் தெரிந்தவர், அதே இசைத் தொழிலில் இருந்த இன்னொருவரின் வாழ்க்கையை எப்படிப் படித்தார் என்பது அந்தத் தொடரில்தான் முழுமையாகக் கேட்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி