கிரம்பிளுக்கு வெண்ணெயை உருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான ஆப்பிள் கிரம்பிள் (பழத்துண்டுகளின் மேல் பிசிறிய மாவைத் தூவி ஓவனில் சுடும் இனிப்பு) செய்முறையில் வெண்ணெயை உருக்கி மாவில் ஊற்றுமாறு கூறப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக லண்டன் குளிரில் விருந்தினருக்கு இதைச் சுட்டுப் பரிமாறிவருபவள் என்ற முறையில், அது மேற்பகுதியை அடையாக இறுக்கிவிடும் என்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். 200 கிராம் மைதாவுக்கு 100 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டுகளாக நறுக்கிப் போட்டு, புட்டுமாவு பிசிறுவதுபோல் விரல்நுனிகளால் பிசிறி, பிறகே சர்க்கரை சேர்க்க வேண்டும். பழம் சமையலுக்கென்றே உள்ள புளிப்பான பிராம்லி வகை ஆப்பிளாக இருந்தால் மிகவும் நல்லது. பட்டைத்தூளும் துருவிய சாதிக்காயும் அதற்கே பொருந்துகின்றன. ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் நாற்பது நிமிடம் வெந்ததும், ஓரங்களில் பழச்சாறு பொன்னிறப் பாகாகக் கொப்பளிக்கும். தயைகூர்ந்து இத்திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி, லண்டன்