மச்சுச் சாவியோடு வா

தக்கலை,
ஞாயிறு இரவு.

அன்பு மக்கா,

நான்கு மாதமாக எழுதவில்லை. காரணம் சொல்லித் தப்பிக்கப் போவதில்லை. அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. சின்னவள் பிளஸ் டூ. விஷயத்துக்கு வருகிறேன்.

உன் பெரியம்மா வீட்டைப் பிரிக்கப் போகிறார்கள். தேக்கும் அயனியும் பார்க்க மர வியாபாரி வந்து போய்விட்டார். தை பிறந்ததும் ஓடு இறக்குகிறார்களாம். கேட்ட மறுநாளே கேமராவோடு போய் நின்றேன்.

எங்கள் திருவட்டாறு வீடு உனக்கு நினைவிருக்கும். இடிப்பதற்கு முந்தைய நாள் 100 படமாவது எடுத்திருப்பேன். ஒன்றில்கூட அது நேராக நிற்கவில்லை. முகப்பு முழுதும் அடங்கட்டும் என்று கிட்டே நின்று கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தேன். தூண்களெல்லாம் உயரப் போகப்போக உள்பக்கம் சரிந்துவிட்டன. உச்சி வெயில் வேறு. முற்றம் வெளுத்து, திண்ணை கரியாகிவிட்டது. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நம் வீடு மாதிரியே இல்லையே" என்றாள். அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

அதன்பின் பத்மநாபபுரம் அரண்மனைதான் எனக்குப் பள்ளிக்கூடம். திங்களன்று மூடியிருக்கும்; மற்ற நாட்களில் வாய்த்தபோதெல்லாம் போனேன். பூமுகம் என்கிற முன்மண்டபத்துக் கூரையில் 90 மரப்பூக்கள், ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. கையில் பிடித்து எடுத்தால் வரிசை கோணுகிறது. கேமராவைத் தரையில் மல்லாத்தி வைத்து, டைமர் போட்டுவிட்டு விலகினேன். நூல் பிடித்தாற்போல் வந்தது! திருவிதாங்கூரின் தலைநகரம் 1795-இல் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் அந்த அரண்மனையைப் பார்த்துக்கொள்ள, எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தும், கேரளத் தொல்லியல் துறை இருக்கிறது. பெரியம்மா வீட்டுக்கு யார் இருக்கிறார்கள்? பிரிப்பவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஓட்டைத் தாங்கும் கழுக்கோலில் கறையான், ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை.

இந்த முறை அவசரப்படவில்லை. தெற்கு பார்த்த வீடு அல்லவா, மார்கழிச் சூரியன் காலை ஏழு மணிக்குக் கிழக்கிலிருந்து முகப்பை உரசிக்கொண்டு வருகிறது. நண்பகலில் மொழுக்கென்று தெரியும் நிலைக்கதவில் அந்நேரம் உளி போன வழி ஒவ்வொன்றும் எழுந்து நிற்கிறது. தாழ்ப்பாளைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு மரம் வழவழத்துக் கறுத்திருக்கிறதே, எத்தனை கை பட்டிருக்கும்! அதை மட்டும் தனியாக எடுத்தேன்.

முகப்புக்கு எதிர்வீட்டு மாடிப்படியில் ஏறினேன். பாதி உயரத்திலிருந்து கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்தால் தூண்கள் தூண்களாகவே நிற்கின்றன. கீழே மிஞ்சிய சாலையைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். உள்ளறைதான் படுத்தியது. அறைக்கு வெளிச்சம் வைத்தால் சன்னல் வெந்துபோகிறது, சன்னலுக்கு வைத்தால் நெல் போடும் பத்தாயம் மறைகிறது. முக்காலியை அசைக்காமல், வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் மூன்று படம் எடுத்துச் சேர்த்தேன். பத்தாயத்தின் பூட்டுவரை தெரிகிறது.

மிச்சம் ஓட்டுக்குக் கீழே இருக்கும் மச்சு மட்டும். பூட்டியிருக்கிறது, சாவி உன் அக்காவிடம் என்கிறார்கள். நான் கேட்டால் தரமாட்டாள், நீ கேள். சர்க்கரைப் பரணி விஷயத்தை அவளிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை என்பதை மனதில் வை. அங்கே மேற்கே ஒரே ஒரு சன்னல், நாலு மணிக்கு மேல்தான் வெயில் உள்ளே வரும். பொங்கலுக்கு வரலாம் என்று இருக்காதே. அதற்கு முந்தைய சனிக்கிழமை மதியமே வந்துவிடு.

உன்,
மக்கா